பையன் ஃபெயிலா என்று கேட்கிறார்கள்

கேள்வி: நாங்கள் பென்சில்வேனியாவில் இருக்கிறோம். மகன் பன்னிரண்டாம் வகுப்பு. ஆறாம் வகுப்பிலிருந்தே மல்யுத்தம் பழகுகிறான், இப்போது எடை 141 பவுண்டு. ஒரு டிவிஷன் ஒன் (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டம்) பல்கலைக்கழக அணியில் இடம் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள், கொஞ்சம் ஸ்காலர்ஷிப்பும் உண்டு. ஆனால் கோச், “முதல் வருஷம் ரெட்ஷர்ட் பண்ணிடலாம், அஞ்சு வருஷத் திட்டமா வெச்சுக்கலாம்” என்கிறார். இவன் அப்பாவுக்கு இதில் இஷ்டமே இல்லை, ஒரு வருடம் வீண் என்கிறார். கோவையில் இருக்கும் என் மாமியார் “பையன் ஃபெயிலா?” என்றே கேட்டுவிட்டார். தெரிந்த ஒருவரோ, ஒரு வருடம் வீட்டில் வைத்திருந்து அடுத்த ஆண்டு சேர்த்தால் இன்னும் நல்லது என்கிறார். அந்த வருடம் அவன் எந்தப் போட்டியிலும் இறங்கக் கூடாதா? அடிபட்டால் என்ன ஆகும்? ஸ்காலர்ஷிப் நிற்குமா? கோச்சிடம் என்ன கேட்க வேண்டும் என்றே எங்களுக்குத் தெரியவில்லை.
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மாமியாருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஃபெயில் இல்லை. ரெட்ஷர்ட் ஆண்டில் உங்கள் மகன் எல்லாப் பிள்ளைகளையும் போல வகுப்புக்குப் போவான், பரீட்சை எழுதுவான், கிரெடிட் சேர்ப்பான், அடுத்த ஆண்டு இரண்டாம் வருடத்துக்குப் போவான். அணியோடு தினமும் பயிற்சியும் செய்வான். நிறுத்தி வைக்கப்படுவது ஒன்றே ஒன்றுதான்: கல்லூரி சார்பாகப் போட்டியில் இறங்கும் கணக்கு.

கல்லூரி விளையாட்டுத் துறையில் காம்ப்ளையன்ஸ் ஆபீஸ் என்று ஒன்று இருக்கும். யார் எந்தப் போட்டியில் இறங்கலாம், யாருக்குத் தகுதி மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் பார்க்கும் இடம். அந்த வேலையில் 16 வருடம் ஓட்டிவிட்டேன். என் மேஜைக்கு முன்னால் வந்து அழுத பிள்ளைகளில் பாதிப் பேர் விதி கடுமையாக இருந்ததால் அழவில்லை. விதியில் இரண்டு கணக்கு இருப்பதை யாரும் அவர்களுக்குப் பிரித்துச் சொல்லவில்லை.

அதைப் பிரித்துச் சொல்கிறேன். ஹாஸ்டல் மெஸ்ஸில் நான்கு சாப்பாட்டு டோக்கன் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாளுக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். எந்த நாளை விடுவது என்பது உங்கள் இஷ்டம். ஆனால் ஐந்தாம் நாள் முடிந்துவிட்டால் கையில் மிச்சமிருக்கும் டோக்கன் வெறும் காகிதம். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் டிவிஷன் ஒன் விதியும் இதேதான்: ஐந்து ஆண்டுக் கெடு, அதற்குள் நான்கு சீசன். சாப்பிடாமல் விட்ட அந்த ஒரு நாள்தான் ரெட்ஷர்ட். (டிவிஷன் டூ, த்ரீயில் வருடக் கணக்கு இல்லை, முழுநேர மாணவனாகப் படித்த பத்து செமஸ்டர் என்று எண்ணுவார்கள்.)

ஐந்து ஆண்டுக் கடிகாரம் ஓடத் தொடங்குவது அவன் முதன்முதலில் ஒரு கல்லூரியில் முழுநேர மாணவனாகப் பதிந்து வகுப்புக்குப் போகும் நாளில். எந்தக் கல்லூரி ஆனாலும் சரி. பள்ளியில் படித்துக்கொண்டே கல்லூரிப் பாடம் ஒன்றிரண்டு எடுத்திருந்தால் அது இதில் சேராது. ஆனால் “சும்மா ஒரு செமஸ்டர் பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் போடுவோம்” என்று 12 கிரெடிட்டுக்குச் சேர்த்துவிட்டால் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். அப்புறம் படிப்பை நிறுத்தினாலும் ஓடும், வேறு கல்லூரிக்கு மாறினாலும் ஓடும். ராணுவ சேவை, சபை அனுப்பும் மதப்பணி போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. யூட்டா பக்கத்து மோர்மன் பையன்கள் இரண்டு வருடம் ஊழியத்துக்குப் போய்விட்டு வந்து, 23, 24 வயதில் மேட்டில் நிற்பது இப்படித்தான். உங்கள் 18 வயதுப் பிள்ளைக்கு எதிரே நிற்கப் போகிறவர்களில் அவர்களும் இருப்பார்கள் என்பதை அப்பாவிடம் சொல்லி வையுங்கள்.

ரெட்ஷர்ட் என்று முத்திரை குத்தும் படிவம் ஏதாவது இருக்கும் என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். சாதாரண ரெட்ஷர்ட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. மார்ச்சில் போட்டிகள் முடிந்து திரும்பிப் பார்க்கும்போது அவன் சீசனைச் செலவழிக்கவில்லை என்றால் அது ரெட்ஷர்ட் ஆண்டு. அவ்வளவுதான். அதனால் கோச் இன்று சொல்வது ஒரு திட்டம், வாக்குறுதி இல்லை. ஜனவரியில் அணிக்கு ஆள் தேவைப்பட்டால் அவர் மனம் மாறலாம். அயோவாவின் ஸ்பென்சர் லீ முதல் ஆண்டு மாணவனாக இருந்தபோது சீசனின் முதல் பாதி முழுக்க வெளியே இருந்தார். 2018 ஜனவரியில் கோச் அவரை இறக்கினார், மார்ச்சில் 125 பவுண்டு தேசிய சாம்பியன் ஆகிவிட்டார். எல்லாக் கதையும் அப்படி முடிவதில்லை.

எனக்கு மறக்காத ஒன்றைச் சொல்கிறேன். நான் இந்த வேலைக்கு வந்த புதிது. ஒரு டிசம்பர் வெள்ளிக்கிழமை, வெளியூரில் இரு அணி மோதல். 149 பவுண்டில் இறங்க வேண்டியவனுக்குக் காலையிலிருந்து காய்ச்சல். ஆள் இல்லாமல் விட்டால் எதிரணிக்கு ஆறு புள்ளி சும்மா போகும். ஸ்டாண்டில் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த முதலாண்டுப் பையனைக் கோச் கூப்பிட்டார். அவன் யாருடைய சிங்லெட்டையோ (மல்யுத்த உடை) மாட்டிக்கொண்டு இறங்கினான். தோள்பட்டையில் அது தொளதொளவென்று தொங்கியது. ஒரு நிமிடம் பத்து விநாடியில் முதுகு தரையில் பட்டுவிட்டது. திங்கட்கிழமை ஸ்கோர் ஷீட்டைப் பார்த்து அவன் பெயருக்கு எதிரே ஒரு சீசன் போயிற்று என்று குறித்தவன் நான்தான். அப்போதைய விதிப்படி ஒரு ஆட்டம் ஆடினாலும் முழு சீசன் செலவு. நான்கு வருடம் கழித்து அவன் அணியிலேயே சிறந்த ஆளாக இருந்தான். ஐந்தாம் ஆண்டு மாஸ்டர்ஸ் படித்துக்கொண்டே ஆடலாம் என்று கேட்டு வந்தான். டோக்கன் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த எழுபது விநாடியை அவனும் மறந்திருக்க மாட்டான்.

இன்று அந்தப் பையனுக்கு அப்படி நடந்திருக்காது. சில ஆண்டுகளுக்கு முன் விதியைத் தளர்த்தினார்கள். கல்லூரியில் முதல் ஆண்டு இருக்கும் மல்யுத்த வீரன் ஐந்து போட்டி நாட்கள் வரை கல்லூரி உடையிலேயே இறங்கலாம், சீசன் செலவாகாது. ஆறாவது நாள் இறங்கினால் செலவு. இந்தச் சலுகை முதல் ஆண்டுக்கு மட்டும்தான், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் ஆண்டில் ரெட்ஷர்ட் எடுப்பவனுக்குப் பழைய கண்டிப்பே.

இதைத் தவிர ஓப்பன் டோர்னமென்ட்கள் இருக்கின்றன. நவம்பர், டிசம்பரில் பல ஊர்களில் நடக்கும். அவற்றில் ரெட்ஷர்ட் பையன்கள் கல்லூரிப் பெயர் போடாமல் தனி ஆளாக இறங்குவார்கள். அன்அட்டாச்ட் என்பார்கள். நுழைவுக் கட்டணமும் பயணச் செலவும் கைக்காசு, கல்லூரி கொடுத்த உடையைப் போடக் கூடாது. அதாவது சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு நீங்கள்தான் காரை எடுக்க வேண்டியிருக்கும். ஆக, உங்கள் கேள்விக்கு நேரான பதில்: அந்த ஒரு வருடத்தில் அவனுக்கு ஆட்டம் நிறையவே கிடைக்கும். முக்கியமாகக் கிடைக்காதது மார்ச் மாதத் தேசியப் போட்டி.

அப்பாவின் “வீண்” என்ற வாதத்துக்கு வருவோம். கேல் சாண்டர்சன் பெயரை உங்கள் மகன் தினமும் சொல்லிக்கொண்டிருப்பான், இன்று பென் ஸ்டேட்டின் கோச். அயோவா ஸ்டேட்டில் அவர் படித்தபோது முதல் ஆண்டு ரெட்ஷர்ட். அடுத்த நான்கு ஆண்டுகளில், 1999 முதல் 2002 வரை, 159 ஆட்டம், 159 வெற்றி, நான்கு தேசியப் பட்டம். ரெட்ஷர்ட் ஆண்டில் ஆடியவை இந்த 159-இல் சேராது. அந்த வருடத்தை யாராவது வீண் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ஆனால் நேர்மையாக மறுபக்கமும் சொல்ல வேண்டும். கார்னெலின் கைல் டேக் ரெட்ஷர்ட்டே எடுக்கவில்லை. 2010 முதல் 2013 வரை நேராக நான்கு பட்டம், அதுவும் 141, 149, 157, 165 என்று ஆண்டுக்கு ஒரு பிரிவு ஏறி. அப்புறம் ரெட்ஷர்ட் முதல் ஆண்டில்தான் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. முதன்முதலில் நான்கு முறை தேசியப் பட்டம் வென்ற ஓக்லஹோமா ஸ்டேட்டின் பேட் ஸ்மித், 1990, 91, 92 என்று மூன்று வென்றுவிட்டு, 93-ஐ விட்டு, 94-இல் நான்காவதை எடுத்தார்.

பென் ஸ்டேட்டின் கார்ட்டர் ஸ்டாரோச்சி ஐந்து பட்டம் வென்றாரே, அது எப்படி என்று உங்கள் மகன் குறுக்கே கேட்பான். அது கொரோனா கணக்கு. 2020-21 சீசனில் ஆடியவர்களுக்கு அந்த ஆண்டைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. 2019-20-இல் ரெட்ஷர்ட், பிறகு 2021 முதல் 2025 வரை ஐந்து ஆண்டு ஆட்டம். உங்கள் மகனின் வயசுக்காரர்களுக்கு அந்தக் கதவு மூடியாயிற்று.

என்னைக் கேட்டால், 141 பவுண்டுப் பையனுக்கு ரெட்ஷர்ட் எடுக்க மிக நல்ல காரணம் வயிறு. கல்லூரி மல்யுத்தத்தில் பத்து எடைப் பிரிவு. பள்ளியில் 141 ஆக இருப்பவன் முதல் ஆண்டில் இரண்டு அங்குலம் வளர்ந்து, 150-ஐத் தாண்டுவது சகஜம். முதல் ஆண்டிலேயே அவனை 141-இல் நிறுத்தப் பார்த்தால், நவம்பரிலிருந்து மார்ச் வரை நீங்கள் அனுப்பும் பருப்புப்பொடி டப்பா திறக்கப்படாமலே இருக்கும். 1997-இன் கடைசியில் எடை குறைக்கப் போய் மூன்று கல்லூரி வீரர்கள் சுமார் ஒரு மாத இடைவெளிக்குள் இறந்தார்கள். அதன் பிறகுதான் வியர்வை கொட்ட வைக்கும் சானா உடைக்கெல்லாம் தடை வந்தது; சீசன் ஆரம்பத்திலேயே உடலின் நீர்ச்சத்தையும் கொழுப்பையும் அளந்து, இந்த எடைக்குக் கீழே இவன் போகக் கூடாது என்று எழுதி வைக்கும் முறையும் வந்தது. விதி வந்துவிட்டாலும் பசி பசிதான். ரெட்ஷர்ட் ஆண்டில் நன்றாகச் சாப்பிட்டு, பளு தூக்கி, இயல்பாக அடுத்த பிரிவான 149-க்கு வளர விடலாம். அதனால் கோச்சிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி “இவனை எந்த எடையில் பார்க்கிறீர்கள்?” என்பது. அவர் கீழ்ப் பிரிவான 133 என்று சொன்னால் எனக்கு உடனே எழுதுங்கள்.

அடிபட்டால்? ஆடும் ஆண்டில் சீசனின் முதல் பாதிக்குள் அடிபட்டு, அதோடு அந்த சீசனே முடிந்துவிட்டால், அதுவரை அவன் இறங்கியது மொத்தப் போட்டிகளில் முப்பது சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் அந்த சீசனைத் திருப்பிக் கேட்கலாம். மெடிக்கல் ரெட்ஷர்ட் என்று மக்கள் சொல்வது இதைத்தான். டாக்டர் சீட்டு அந்தச் சமயத்திலேயே எழுதியதாக இருக்க வேண்டும். மே மாதத்தில் யோசித்து வாங்கியது செல்லாது. ஆனால் இது டோக்கனைத்தான் திருப்பித் தரும், கடிகாரத்தை நிறுத்தாது. முதல் ஆண்டு ரெட்ஷர்ட் எடுத்துவிட்டு மூன்றாம் ஆண்டில் முழங்கால் போனால், திரும்பக் கிடைக்கும் சீசனை ஆட ஆறாவது ஆண்டு வேண்டும். அதற்குத் தனியாக மனு போட வேண்டும். பொதுவாக, தன் கையில் இல்லாத காரணங்களால் இரண்டு வாய்ப்பு போயிருந்தால்தான் காது கொடுப்பார்கள். முதல் ஆண்டே டோக்கனைச் சேமித்துவிட்டால் பிற்பாடு அடிபடுவதற்கு இடமில்லை என்பது ரெட்ஷர்ட்டில் இருக்கும் உண்மையான விலை. கோச் இதைச் சொல்ல மாட்டார்.

இப்போது, நீங்கள் கேட்காத, ஆனால் நான் அதிகம் கவலைப்படும் விஷயம். படிப்பு. தமிழ் வீடுகளில் இதைச் சொன்னால் “அதெல்லாம் எங்க பையன் நல்லா படிப்பான்” என்பார்கள். மார்க்கைப் பற்றி நான் பேசவில்லை. ரெட்ஷர்ட் பையனுக்கும் கிரெடிட் விதி உண்டு. ஒவ்வொரு செமஸ்டரிலும் குறைந்தது 6 கிரெடிட் தேறியிருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு தொடங்குவதற்குள் 24. மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது தன் பட்டப்படிப்புக்குத் தேவையானதில் 40 சதவீதம், நான்காம் ஆண்டு 60, ஐந்தாம் ஆண்டு 80 முடித்திருக்க வேண்டும். சிக்கல் “தன் பட்டப்படிப்புக்கு” என்ற சொல்லில் இருக்கிறது. முதல் இரண்டு ஆண்டு பயாலஜியில் 60 கிரெடிட் எடுத்த பையன், மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் எஞ்சினியரிங்குக்கு மாறுகிறான். மார்க் எல்லாம் ஏ. ஆனால் எஞ்சினியரிங் பட்டத்துக்குச் செல்லுபடியாவது அதில் பாதிதான். 40 சதவீதம் வரவில்லை, ஆட முடியாது. தேசிய அளவில் பெயர் வாங்கிய ஒருவன் இப்படி ஒரு செமஸ்டர் வெளியே உட்கார்ந்ததை என் மேஜையில் இருந்தே பார்த்தேன். அவன் அப்பா ஆந்திராக்காரர். எஞ்சினியரிங்குக்கு மாறச் சொன்னதே அவர்தான்! உங்கள் வீட்டில் துறை மாற்றப் பேச்சு இருந்தால் முதல் ஆண்டுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ரெட்ஷர்ட் ஆண்டின் நல்ல உபயோகம் இதுவும் ஒன்று: பயணம் குறைவு, கஷ்டமான பாடங்களை அந்த வருடத்திலேயே முடித்துவிடலாம்.

பள்ளிப் படிப்புத் தகுதி உங்களுக்குப் பிரச்சினையாக இருக்காது. 16 கோர் பாடங்கள், அவற்றில் 10 பன்னிரண்டாம் வகுப்புக்கு முன்பே, சராசரி 2.3. சராசரி 2.0-க்கும் 2.3-க்கும் இடையில் இருந்தால் முதல் ஆண்டு பயிற்சி மட்டும்தான், ஆட முடியாது. அதற்கு அகாடமிக் ரெட்ஷர்ட் என்று பெயர். பேர் ஒன்று, விஷயம் வேறு. உறவினர் யாராவது இதையும் அதையும் குழப்பித்தான் “ஃபெயிலா” என்று கிளப்பியிருப்பார்களோ என்னவோ.

உங்களுக்குத் தெரிந்தவர் சொன்ன யோசனைக்குப் பெயர் கிரேஷர்ட். கல்லூரியில் சேர்ந்தால்தானே கடிகாரம் ஓடும், சேராமலே ஒரு வருடம் பயிற்சி எடுத்தால்? ஐவி லீக் (ஹார்வர்ட், கார்னெல் போன்ற எட்டுப் பல்கலைக்கழகங்கள்) போக விரும்பும் வீரர்களிடம் இது உண்டு. அங்கே பட்டம் முடித்த மேற்படிப்பு மாணவர்களை ஆட விடுவதில்லை, அதனால் ஐந்தாம் ஆண்டுக்கு மதிப்பு குறைவு. மல்யுத்தத்தில் பள்ளி முடிந்த பிறகு ஒரு வருடம்தான் தவணை. அதைத் தாண்டி வெளியே இருந்து போட்டிகளில் இறங்கினால் சீசனைக் கழிக்க ஆரம்பிப்பார்கள். உங்களுக்கோ கையில் இடம் இருக்கிறது, ஸ்காலர்ஷிப்பும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஒரு வருடம் வீட்டில் உட்கார வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைசியாகப் பணம். ரெட்ஷர்ட் எடுப்பதால் ஸ்காலர்ஷிப் நிற்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆடாத ஆண்டிலும் தரலாம். முன்பு ஒரு மல்யுத்த அணிக்கு மொத்தமே 9.9 ஸ்காலர்ஷிப்தான், அதை எல்லோருக்கும் பிய்த்துக் கொடுப்பார்கள். 2025 ஜூனில், கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கு சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு போய்விட்டது. பதிலாக அணியில் 30 பேர்தான் இருக்கலாம் என்று வந்திருக்கிறது. ரெட்ஷர்ட் பையனும் அந்த முப்பதில் ஒருவன். ஆடுவது பத்து பேர். முன்பு போல நாற்பது பேரை வைத்துக்கொண்டு, “வளரட்டும், பார்க்கலாம்” என்று காத்திருக்கும் வசதி கோச்சுகளுக்கு இனி இல்லை. முதல் ஆண்டில் ரெட்ஷர்ட், இரண்டாம் ஆண்டில் “உனக்கு இடமில்லை” என்ற பேச்சை இனி அதிகம் கேட்போம் என்று நினைக்கிறேன்.

ஆகவே எழுத்தில் கேளுங்கள். ஸ்காலர்ஷிப் எத்தனை ஆண்டுக்கு? ஐந்தாம் ஆண்டும் அதில் அடக்கமா? நான்கு ஆண்டில் பட்டம் முடித்துவிட்டால் ஐந்தாம் ஆண்டு மாஸ்டர்ஸ் கட்டணத்துக்கும் தருவீர்களா? (இதற்கு ஆம் என்று பதில் வந்தால் அப்பாவின் எதிர்ப்பு அன்றே அடங்கிவிடும்.) அவன் எடையில் இப்போது யார் யார் இருக்கிறார்கள், எந்த ஆண்டில்? 141-இல் இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் அணியில் முதலிடத்தில் இருந்தால் ரெட்ஷர்ட் அர்த்தமுள்ளது. இருப்பவன் இந்த ஆண்டோடு முடிக்கிறான் என்றால் உங்கள் மகன் முதல் ஆண்டே இறங்கினால் என்ன என்று கேட்பதில் தப்பில்லை. ரெட்ஷர்ட்டை நடுவில் உடைப்பது என்றால் யார் முடிவு, அவனைக் கேட்பீர்களா என்பதையும் கேளுங்கள். நல்ல கோச்சுகள் கேட்டுத்தான் செய்வார்கள்.

ஐந்து ஆண்டும் ஆடலாம் என்று விதியையே மாற்றிவிடும் பேச்சும் கொஞ்ச காலமாக ஓடுகிறது. அப்படி வந்தால் ரெட்ஷர்ட் என்ற சொல்லுக்கே வேலை இருக்காது. அதனால் கையெழுத்துப் போடும் வாரத்தில் நடப்பு விதி என்ன என்று அந்தக் கல்லூரியின் காம்ப்ளையன்ஸ் ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள். கோச்சுக்கு அனுப்பும் மின்னஞ்சலில் அவர்களையும் சேர்த்து அனுப்பினால் இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு அது கொஞ்சம் தலைவலிதான், ஆனாலும் அனுப்புங்கள்.